பழைய அலுமினிய சிலிண்டரும் புதிய முத்திரையும்



நம் இதழில் வரி, உரிமம், சரக்கு விலை நிலவரம் பற்றி எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை கடலுக்கடியில் மூழ்குகிறவர்கள் முதுகில் சுமக்கும் காற்று சிலிண்டரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பருப்பு மொத்த வியாபாரிக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். இந்தச் சிலிண்டரை விற்றவர் கடைக்காரர். அதில் காற்று அடைத்துக் கொடுப்பவரும் கடைக்காரர். அது வெடித்தபோது பெரும்பாலும் பக்கத்தில் நின்றவரும் கடைக்காரர், அல்லது அவரிடம் வேலை பார்த்த பையன். ஒரு சிலிண்டருக்குக் காற்று அடைத்தால் அமெரிக்காவில் கடைக்காரருக்குக் கிடைப்பது சில டாலர்தான். அந்தச் சில டாலருக்காக விரலையும் கையையும் இழந்தவர்கள் உண்டு. ஆகவே இது நம் சமாச்சாரந்தான்.

இதைப் பற்றி நான் தெரிந்துகொள்ளக் காரணம் என் தங்கை மகன். அந்தமானில் ஹேவ்லாக் தீவில், இப்போது சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், மூழ்குப் பயிற்சி கொடுக்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தவன் ஒரு சங்கதி சொன்னான். வெளிநாட்டிலிருந்து கைமாறி வந்த பழைய சிலிண்டர்கள் சிலவற்றை ஒருவர் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னாராம். பெயிண்ட் அடித்துப் புதிது போல் பளபளவென்று இருந்ததாம். முதலாளி பெயிண்டைப் பார்க்கவில்லை. கழுத்தில் குத்தியிருந்த எண்களைப் படித்துவிட்டு, "வேண்டாம், எடுத்துப் போங்கள்" என்று அனுப்பிவிட்டாராம்.

"முத்திரை சரியாக இருந்ததா?" என்று கேட்டேன்.

"இருந்தது மாமா. சோதனை தேதி கூட முடியவில்லை. ஆனால் அந்தச் சோதனையில் தெரியாத கோளாறு ஒன்று இருக்கிறதே" என்றான்.

சோதனையில் தேறிய சரக்கை வேண்டாம் என்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். பிறகு அவனிடமும் மற்றவர்களிடமும் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அமுக்கி வைத்த காற்று

முதலில் ஒரு தவறான எண்ணம். மூழ்குகிறவர் முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் என்றே நம்மில் பலர் சொல்கிறோம். பெரும்பாலும் அதில் இருப்பது நீங்களும் நானும் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். வடிகட்டி, ஈரம் நீக்கி, கம்ப்ரசர் மூலம் அடைக்கிறார்கள்.

அதிகம் புழங்கும் அலுமினிய சிலிண்டர் காலியாகவே 14 கிலோ வரும். தண்ணீர் ஊற்றினால் 11 லிட்டர் கொள்ளும். அந்த 11 லிட்டர் இடத்துக்குள் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்றை அமுக்குகிறார்கள். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு. நம் கார் டயருக்கு 30 அல்லது 35 பவுண்டு. சரக்கு லாரி டயருக்கு 100 முதல் 120 பவுண்டு. லாரி டயர் வெடித்தால் பஞ்சர் ஒட்டுகிறவர் கதி என்ன என்பது நெடுஞ்சாலையில் கடை வைத்திருப்போருக்குத் தெரியும். இங்கே அதைப் போல் 25 மடங்கு அழுத்தம்.

முன்பெல்லாம் இந்தச் சிலிண்டர்கள் இரும்பு உருக்கில்தான் வந்தன. உப்புத் தண்ணீரோடு பழக்கம் உள்ள பொருள் ஆயிற்றே, வால்வு வழியாகச் சிறிது ஈரம் உள்ளே போனாலும் துரு பிடித்துவிடும். 1970-களில் அலுமினிய சிலிண்டர் வந்ததும் துருத் தொல்லை தீர்ந்தது என்று எல்லாரும் அதற்கு மாறினார்கள். விலையும் கட்டுப்படியானது, விற்பனையும் அமோகம்.

தனி அலுமினியம் மெத்தென்று இருக்கும், இவ்வளவு அழுத்தம் தாங்காது. மக்னீசியம், சிலிக்கான் முதலியவற்றைக் கலந்து, பக்குவமாகச் சூடேற்றி வலுவேற்றுவார்கள். கலவைக்குக் கலவை எண் உண்டு. அப்போது பயன்பட்ட ஒரு கலவையின் எண் 6351. அமெரிக்காவில் லக்ஸ்ஃபர் நிறுவனம் 1972 முதல் 1988 நடுப்பகுதி வரை இந்தக் கலவையில் சிலிண்டர் செய்தது. வால்டர் கிட் முதலான வேறு சிலரும் செய்தார்கள். மூழ்குவோருக்கு மட்டுமல்ல, தீயணைப்பு வீரர்கள் முதுகில் மாட்டும் சிலிண்டரும், ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டரும் இதே கலவையில் வந்தன.

செய்தபோது அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அன்றைய விதிப்படி எல்லாச் சோதனையிலும் தேறிய சரக்குதான். கோளாறு தெரிய ஆண்டுகள் பிடித்தன.

கோளாறு இதுதான். ஒரு கிடங்கில் மரப்பலகை போட்டு அதன்மேல் மூட்டை அடுக்குகிறோம். பலகை முறியவில்லை, வளையவும் இல்லை. ஆனால் பாரத்தை இறக்காமல் வருடக்கணக்கில் விட்டால் ஆணி அடித்த இடத்திலிருந்து மயிரிழை போல் ஒரு விரிசல் கிளம்பும், பிறகு மெல்ல நீளும். 6351 கலவையிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்தது. வால்வு முடுக்கும் இடத்தில், அதாவது சிலிண்டரின் கழுத்தில் உள்ள மரையிலும், அதை ஒட்டிய தோள் பகுதியின் உட்புறத்திலும் விரிசல் பிறந்தது. கலவையில் ஈயம் மிகச் சிறிதளவு கலந்திருந்தாலும் அது விரிசலைத் தூண்டும் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, சிலிண்டரைப் பயன்படுத்தினால்தான் கெடும் என்பதில்லை. காற்று நிரம்பிய நிலையில் மூலையில் சாத்தி வைத்திருந்தாலும் உலோகத்தின்மேல் பாரம் பாரம்தான். "இரண்டு மூன்று தடவைதான் கடலுக்குப் போயிருக்கிறது, புதிது மாதிரி" என்று சொல்லி விற்கப்படும் பழைய சிலிண்டர் இதனால்தான் நம்பத்தக்கதல்ல.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிச் செய்த சிலிண்டர்கள் ஏராளம். வெடித்தவை மிகமிகக் குறைவு. விரிசல் விட்டவற்றிலும் பெரும்பாலானவை முதலில் காற்றைக் கசியவிட்டுத் தங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டன. ஆனால் கசியாமல் ஒரேயடியாகப் பிளந்தவையும் உண்டு. 1994 முதல் அமெரிக்காவில் மட்டும் பத்துக்கு மேற்பட்ட சிலிண்டர்கள் பிளந்ததாக அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை பதிவு செய்திருக்கிறது. பெரும்பாலும் காற்று அடைக்கும்போதோ அடைத்து முடித்த சற்று நேரத்திலோதான் வெடித்தன. அழுத்தம் உச்சத்துக்குப் போவது அப்போதுதானே. அந்த நேரத்தில் சிலிண்டரின் சொந்தக்காரர் வீட்டில் இருப்பார். கடைக்காரர்தான் கம்ப்ரசர் பக்கத்தில் நிற்பார்.

முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

நம் தராசையும் எடைக்கற்களையும் முத்திரை ஆய்வாளரிடம் காட்டி முத்திரை பெறுகிறோம் அல்லவா, அதுபோல் இந்தச் சிலிண்டர்களுக்கும் உண்டு. அமெரிக்காவில் 5 ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை செய்து, மாதமும் ஆண்டும் கழுத்தை ஒட்டிக் குத்துவார்கள். நடுவில் சோதித்தவரின் அடையாள எண் சதுர வடிவில் இருக்கும்.

சோதனை முறை நல்ல யோசனையோடு அமைந்தது. சிலிண்டரைத் தண்ணீரால் நிரப்பி, தண்ணீர் நிறைந்த இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி மூடுவார்கள். பிறகு உள்ளே அழுத்தம் ஏற்றுவார்கள். 3,000 பவுண்டு சிலிண்டருக்கு 5,000 பவுண்டு வரை போவார்கள். சிலிண்டர் இலேசாக உப்பும். உப்பிய அளவுக்கு வெளித் தொட்டியின் தண்ணீர் ஒரு கண்ணாடிக் குழாயில் ஏறும். அழுத்தத்தை இறக்கியதும் சிலிண்டர் பழைய உருவத்துக்குத் திரும்ப வேண்டும். உப்பியதில் 10 சதவீதத்துக்கு மேல் திரும்பாமல் நின்றுவிட்டால் அந்தச் சிலிண்டர் தள்ளுபடி. காற்றை வைத்துச் சோதிக்காமல் தண்ணீரை வைத்துச் சோதிப்பதற்கும் காரணம் உண்டு. தண்ணீர் அமுங்காது. அதனால் சோதனையில் சிலிண்டர் உடைந்தாலும் காற்றைப் போல் சீறிப் பாயாது.

இந்தச் சோதனை சிலிண்டரின் உடம்பு மொத்தமும் மெலிந்துவிட்டதா, தளர்ந்துவிட்டதா என்பதைச் சொல்லும். கழுத்து மரையில் ஓடும் மயிரிழை விரிசலை அது சொல்லாது. அங்கே உலோகம் கனமாக இருக்கிறது. சின்ன விரிசலால் மொத்த உப்பலில் மாற்றம் எதுவும் தெரியாது. தண்ணீர்ச் சோதனையில் தேறிய சிலிண்டரின் கழுத்திலும் விரிசல் கண்டிருக்கிறார்கள். தராசு முத்திரை எடை சரி என்று சொல்லும், தட்டில் இருக்கும் பருப்பில் கல் கலந்திருக்கிறதா என்று சொல்லுமா? அதுபோலத்தான்.

ஆகவே வால்வைக் கழற்றி உள்ளே விளக்கு விட்டுப் பார்ப்பது அவசியமாயிற்று. சிறிய கண்ணாடியைக் கழுத்துக்குள் நுழைத்து ஒவ்வொரு மரையாகப் பார்ப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இப்படிப் பார்ப்பது அமெரிக்காவில் சட்டக் கட்டாயமல்ல, மூழ்கு விளையாட்டு வணிகர்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். பார்த்ததற்கு அடையாளமாக ஒரு ஒட்டுச்சீட்டு ஒட்டுவார்கள். சீட்டு இல்லாத சிலிண்டருக்குக் காற்று அடைப்பதில்லை. அரசாங்கம் சொல்லாமலே வணிகர்கள் ஒரு கட்டுப்பாட்டை வைத்து, வாடிக்கையாளர் கோபித்தாலும் அதை விடாமல் நடத்திவருவது எனக்குப் பிடித்திருந்தது.

கண்ணுக்கும் தப்பும் விரிசல் உண்டு. அதற்கு எடி கரண்ட் என்ற மின்சோதனைக் கருவி வந்தது. கழுத்துக்குள் ஒரு முனையைத் திருகி இறக்குவார்கள். அதிலிருந்து சுழல் மின்னோட்டம் உலோகத்தில் பாயும். வழியில் விரிசல் இருந்தால் ஓட்டம் தடைபட்டு, கருவி குறி காட்டும். ஆனால் கருவியும் சில சமயம் பொய் சொல்லும். மரை வெட்டும்போதே ஏற்பட்ட மடிப்பையும் கீறலையும் விரிசல் என்று காட்டிவிடும். கருவி குறி காட்டியதும் நல்ல சிலிண்டரைத் தள்ளிவிடும் கடைக்காரரும் உண்டு. அதனால்தான் கண்பார்வையும் கருவியும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். 6061 என்ற பிந்தைய கலவையில் செய்த சிலிண்டருக்கு இந்த மின்சோதனை தேவையில்லை, அந்தக் கலவையில் இந்த விரிசல் நோய் இல்லை.

1994-ல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை இந்தச் சிலிண்டர்களைப் பற்றி எச்சரிக்கை விட்டது. கட்டாய விதி வந்தது 2006-ல், நடைமுறைக்கு வந்தது 2007 ஜனவரியில். நடுவில் 12 ஆண்டு! எல்லா ஊர் அரசாங்கமும் ஒன்றுபோலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த விதிப்படி, மூழ்குவோர், தீயணைப்போர், ஆக்சிஜன் ஆகிய பயன்பாடுகளில் உள்ள 6351 சிலிண்டர்களுக்கு 5 ஆண்டுச் சோதனையின்போது கழுத்தில் கண்பார்வைச் சோதனையும் மின்சோதனையும் செய்ய வேண்டும். தேறினால் தேதியோடு 'விஇ' என்று பொருள்படும் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் குத்துவார்கள்.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை

விதிப்படி சோதித்து முத்திரை பெற்ற பழைய சிலிண்டரைப் பயன்படுத்த இன்றும் அங்கே தடை இல்லை. ஆனால் கடைக்காரர்களில் பலர், 1990-க்கு முன் செய்த அலுமினிய சிலிண்டர் என்றால் முத்திரை இருந்தாலும் காற்று அடைப்பதில்லை. இதில்தான் சண்டை. "சட்டம் அனுமதிக்கிறது, நீ யார் மறுக்க?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். "என் கம்ப்ரசர், என் கடை, என் ஆள் பக்கத்தில் நிற்கிறான்" என்று கடைக்காரர் சொல்கிறார்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள், விதிப்படி பராமரித்திருக்கிறார், குப்பையில் போடு என்றால் யாருக்கும் மனம் வராது. ஆனாலும் நான் கடைக்காரர் பக்கம்தான். சோதனைக் கட்டணம், வால்வு கழற்றி மாட்டும் கூலி எல்லாம் சேர்த்தால் பழைய சிலிண்டரின் விலையில் பெரும்பகுதி வந்துவிடுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. அதற்குப் பதில் புதியது வாங்கிக்கொள்ளலாம். அடைத்துக் கொடுக்கும் கடைக்காரருக்கோ லாபம் அற்பம், தப்பினால் முதலுக்கே மோசம். பல வருட வாடிக்கையாளரிடம் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்பது கடன் பாக்கி கேட்டுப் பழகிய நமக்குத் தெரியாததா? அங்கே சொல்கிறார்கள்.

பழைய சிலிண்டரில் இன்னொரு மறைந்த ஆபத்து பெயிண்ட். அலுமினியத்துக்கு வலு வந்ததே சூட்டில் பக்குவப்படுத்தியதால்தான். அதே சூடு அளவு மீறினால் வலு போய்விடும். அமெரிக்க விதிப்படி 177 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடுபட்ட அலுமினிய சிலிண்டரைத் தள்ளுபடி செய்தாக வேண்டும். அழகுக்காக அடுப்பில் வைத்து பெயிண்ட் சுட்டு ஏற்றினால் சிலிண்டர் பார்வைக்குப் புதிதாகும், உள்ளே செத்துப்போகும். தீ விபத்து நடந்த கிடங்கிலிருந்து மீட்ட சிலிண்டரும் அப்படியே. என் மருமகனின் முதலாளி பெயிண்டைப் பார்த்து மயங்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவன் சொன்னான்.

நம் கடையில் இருப்பவை

நம் நாட்டில் அழுத்தமேற்றிய வாயு அடைத்த சிலிண்டர் எதுவும் 1884-ம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அதன்படி 2016-ல் வாயு உருளை விதிகள் வந்தன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இதைக் கவனிக்கிறது. சட்டத்தின் பெயரிலேயே 'வெடிபொருள்' இருக்கிறது, ஆனால் நம் கடைவீதியில் சிலிண்டரை யாரும் வெடிபொருளாக நினைப்பதில்லை. வெயிலில் உருட்டுவார்கள், டிவிஎஸ் வண்டியில் குறுக்கே வைத்துக் கட்டுவார்கள், உட்கார முக்காலியாகவும் போட்டுக்கொள்வார்கள்.

2022 அக்டோபரில் திருச்சி கடைவீதியில், தீபாவளி வியாபாரம் சூடு பிடித்திருந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில், பலூனுக்கு ஹீலியம் அடைக்கும் சிலிண்டர் வெடித்தது. ஒருவர் இறந்தார், பலர் காயம்பட்டார்கள். அது நான் மேலே சொன்ன அலுமினியக் கழுத்து நோய் அல்ல. ஆனாலும் கூட்டம் நிறைந்த கடை வாசலில் பலூன்காரரை நிறுத்தும்போது அவர் சிலிண்டரின் சோதனைத் தேதி என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? விழாக்காலத்தில் குழந்தைகள் கூடட்டும் என்று நாமேதான் அழைத்து நிறுத்துகிறோம்.

சோடா போடுகிற நண்பர்களின் கரியமில வாயு சிலிண்டர், சுவரில் மாட்டிய தீயணைப்பான், டீக்கடையின் சமையல் வாயு சிலிண்டர் என எல்லாவற்றிலும் தேதி குத்தியிருக்கிறது. சமையல் வாயு சிலிண்டரில் மேலே கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகடுகளில் ஒன்றின் உட்புறம் பாருங்கள். ஆங்கில ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்றும் பக்கத்தில் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். எண் ஆண்டைக் குறிக்கும். பி-29 என்றால் 2029 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். தேதி கடந்தது வந்தால் இறக்க வேண்டாம், வண்டியிலேயே திருப்பி அனுப்புங்கள். கேட்பது நம் உரிமை.

5 கிலோ சிலிண்டர் இப்போது மளிகைக் கடைகளிலும் விற்பனைக்கு வந்துவிட்டதால் நம்மில் சிலர் சிலிண்டர் வியாபாரிகளும் ஆகியிருக்கிறோம். எண்ணெய் நிறுவனத்தின் முத்திரையோடு வருவதை வாங்கி விற்பது வேறு. வீட்டுச் சிலிண்டரிலிருந்து குழாய் போட்டு, பேர் ஊர் தெரியாத சின்னச் சிலிண்டருக்கு வாயு இறக்கிக் கொடுப்பது வேறு. அது சட்டப்படி குற்றம், யாரும் சோதிக்காத கழுத்துக்குப் பக்கத்தில் நாமே போய் நிற்பதும் ஆகும். ஐம்பதோ நூறோ கிடைக்கிறது என்று பின்கட்டில் இதைச் செய்கிறவர்கள் நம் கடைவீதியிலும் இருக்கிறார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை, அவர்களுக்கே தெரியும்.

கடைசியாகப் பழைய இரும்புக் கடை நடத்தும் உறுப்பினர்களுக்கு. அமெரிக்காவில் தள்ளுபடியான சிலிண்டரின் விவரக் குறியின்மேல் 'எக்ஸ்' குறிகளைக் குத்திவிடுவார்கள், யாரும் மறுபடி நிரப்பி விடக்கூடாது என்பதற்காக. சொந்தக்காரர் சம்மதித்தால் கழுத்து மரையை வெட்டியோ உடம்பில் ஓட்டை போட்டோ விடுவார்கள். உங்களிடம் வரும் சிலிண்டர் அப்படி வராது. வால்வு மூடியே வரும், உள்ளே என்ன மிச்சம் என்று தெரியாது. விலை பேசுமுன் வாயுத் தொழில் தெரிந்தவரைக் கொண்டு திறந்தவெளியில் முழுவதும் காலி செய்து வால்வைக் கழற்றச் சொல்லுங்கள். அதன் பிறகே வெட்டுகிறவரிடம் கொடுங்கள். முழுதாக யாருக்கும் திருப்பி விற்காதீர்கள்.